புந்தோங் அறைக்குத் தண்ணீர்ச் சாயம் அடித்தது ஏன்

எங்கள் கெப்பாலா பொய் சொல்கிறார். எங்களுக்குத் தலைமை மேஸ்திரி, தொழில் தெரிந்தவர். எனக்குச் சாயப் பிரஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். இருந்தாலும் பொய் சொல்கிறார். நடந்ததில் பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை விழுங்குவதற்கு எனக்கு வேறு பெயர் தெரியாது.

சாயக்காரர் சங்கத்தின் பயிற்சி வகுப்பில் அவர் உங்களுக்குச் சொன்னது இதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போ புந்தோங்கில் ஒரு பலகை வீடு. உள் அறைக்கு எண்ணெய்ச் சாயம் என்று பேசி எடுத்த வேலை. கூட இருந்த ஆள் பாதியில் தண்ணீர்ச் சாயத்தை அடித்துவிட்டான். ஒரே மாதத்தில் பலகையெல்லாம் மஞ்சள் கறை. பார்த்தவர்கள் காறித் துப்பினார்கள். ஆகவே, மரம் என்றால் எண்ணெய்ச் சாயம்தான், மற்றதெல்லாம் சோம்பேறி வேலை.

நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். அந்த ஆள் நான்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்று வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அதனால் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எண்ணெய்ச் சாயத்துக்கு எதிரி இல்லை. பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டுச் சமையலறைப் பலகைக்கு யாரோ தண்ணீர்ச் சாயம் அடித்துக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது கிராணியின் மனைவி எங்களை நிறுத்தினார். குழம்பு தெறித்த இடத்தை ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். சாயமும் துணியோடு வந்துவிட்டது. அந்தத் துணியைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் உதறினார்.

"இது உங்க ஆளுங்க அடிச்ச சாயம்தானே? எடுத்துக்கிட்டுப் போங்க. எங்க வீட்ல வைக்க எடமில்ல."

அடித்தது நாங்கள் இல்லை. ஆனால் அந்தம்மா சொன்னது நியாயம். அந்தக் காலத்துத் தண்ணீர்ச் சாயம் அப்படித்தான். துடைத்தால் போகும், கறையைக் குடிக்கும், பழைய எண்ணெய்ச் சாயத்தின் மேல் தேய்க்காமல் அடித்தால் தோல் உரிவதுபோல் உரியும். சமையலறை, சாமி மாடம், மழைச் சாரல் படும் ஜன்னல், பிள்ளைகள் கை வைக்கும் கதவு, இதற்கெல்லாம் எண்ணெய்ச் சாயம்தான். இதில் எனக்கும் கெப்பாலாவுக்கும் சண்டையே கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அங்கே எங்களுக்குத் தெரிந்தது தொழிலாளர் லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது மட்டும்தான். தோட்டம் கைமாறி ஆட்களைக் குறைத்ததும் ஈப்போவுக்கு வந்து, அவர் முதலில் இந்தத் தொழிலைப் பிடித்தார். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டார். வேலையைப் பேசி எடுப்பது அவர். அதனால் அவர் கெப்பாலா. நான் அண்ணே என்பேன், அவர் மச்சான் என்பார்.

இனி புந்தோங்குக்கு வருகிறேன்.

அந்த வீடு பாக்கியம் அக்காவுடையது. கீழே இடுப்பு உயரத்துக்குச் செங்கல், மேலே பலகை. அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி முனியாண்டியை வளர்த்ததிலேயே வயது போய்விட்டது. முனியாண்டி ஈயம் தோண்டும் லம்பத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவிக்குக் குறைமாதத்தில் பெண் பிள்ளை பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாயும் அங்கேயே இருந்தாள். பிள்ளை வீட்டுக்கு வர இன்னும் பல வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் அறையைப் புதிதாக்க வேண்டும் என்று அக்கா எங்களைக் கூப்பிட்டார்.

எண்ணெய்ச் சாயம்தான் வேண்டும் என்று கேட்டது அக்கா. அவருடைய கணக்கு சரியான கணக்கு. பிள்ளை பெற்றவள் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாள், தலைக்கு எண்ணெய் வைப்பாள், பலகையில் சாய்ந்து உட்காருவாள். பிள்ளையின் எண்ணெய்க் கை எல்லா இடத்திலும் படும். எண்ணெய்ச் சாயம் என்றால் ஒரு துணி போதும். கெப்பாலாவும் அதையே சொன்னார். நானும் சொன்னேன். அவகாசம் இருந்தது. வாடை போய்விடும். அன்றைக்கு எங்கள் மூன்று பேருடைய முடிவும் சரி.

கதவுக்கும் ஜன்னல் கதவுகளுக்கும் கெப்பாலா பச்சை எண்ணெய்ச் சாயம் அடித்து முடித்தார். ஒரு பக்கப் பலகைக்கும் அடித்தார். மற்ற மூன்று பக்கத்தையும் நான் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது முனியாண்டி மோட்டார் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அக்கா, நாளை மறுநாள் பிள்ளைய தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. வார்டுல எடம் இல்லையாம்லா. எடை தேறிடுச்சாம்."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அழுதார். பிறகு எங்களைப் பார்த்து, "சீக்கிரம் அடிச்சு முடிங்கப்பா" என்றார்.

முனியாண்டி என் பக்கத்தில் வந்து, அக்காவின் காதில் விழாதபடி சொன்னான். "அண்ணே, நர்ஸ் கண்டிச்சு சொன்னாங்க. நெஞ்சு இன்னும் பலப்படலையாம். பொகை, வாடை ஒண்ணும் கூடாதாம். இந்த வாடை போயிருமா?"

"ஏன்டா என்கிட்ட சொல்ற? ஒங்கக்காகிட்ட சொல்லு."

"நீங்க சொல்லுங்கண்ணே. எனக்கு சுசா, அக்காகிட்ட சொல்ல வாய் வராது."

இப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. தம்பிகளே, தொழிலில் நெருக்கடி என்பது பெரும்பாலும் இப்படித்தான் வரும். சாயமும் மரமும் மாறாது. அந்த வீட்டு ஆட்களின் நாள் மாறும். நேற்றுச் சரியாக இருந்த முடிவு இன்றைக்குத் தப்பாகிவிடும். நேற்று நாமே சொன்னோமே என்று அதைப் பிடித்துத் தொங்குகிறவன் தொழில்காரன் இல்லை.

கெப்பாலா தொங்கினார்.

"தின்னர் கொஞ்சம் கூட ஊத்துனா நாளைக்கு காஞ்சிரும் மச்சான். நான் பாக்காததா?"

"காயும்ணே. வாடை போகுமா?"

"எனக்கு ஒண்ணும் வாடையே தெரியல."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? சாய வாடையில நம்ம ரெண்டு பேருக்கும் மூக்கு செத்து எவ்வளவு நாளாச்சு?"

அவர் பிரஸ்ஸைக் கீழே வைத்தார். "பேசினது எண்ணெய். அவங்க கேட்டது எண்ணெய். தண்ணிய அடிச்சு, நாளைக்கு மஞ்சள் ஏறி அசிங்கமா நின்னா யாரு பேரு கெடும்? ஒன் பேரா?"

"கண்ணாடிப் பெட்டியில கெடக்கறது ஒங்க பேரா அண்ணே?"

அவர் கோபத்தில் வெளியே போய்ச் சிகரெட் பற்றவைத்தார். நான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். மெதுவாகச் சொல்ல எனக்கு எப்போதுமே வராது. பிள்ளைக்கு வாடை ஆகாது, பலகைக்குத் தண்ணீர்ச் சாயம்தான் அடிப்பேன், பச்சைச் சாயம் பட்ட கதவையும் ஜன்னல் கதவையும் கழற்றி வெளியே வைப்பேன், ஜன்னல் திறந்தே கிடக்கட்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

வேறு அறைக்குப் போக வழியில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அந்த மாதிரி வீடுகளில் அறைத் தடுப்பு கூரை வரைக்கும் போகாது. இந்த அறையில் தும்மினால் அடுத்த அறையில் இருப்பவர் நூறு என்று சொல்வார். வாடை ஓர் அறைக்குள் அடங்காது. முனியாண்டியின் மாமியார் வீடு பாகான் செராயில். நெஞ்சு பலமில்லாத பிள்ளையை அவ்வளவு தூரம் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது.

சாயத்தை மாற்றியதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னல் என்றதும் முகம் மாறியது.

"பிள்ளை பெத்தவ ரூம்ல ஜன்னல தொறந்து வைக்கணுமா? எங்கம்மா எப்படி செத்தாங்கன்னு தெரியுமாடா ஒனக்கு?"

எனக்குத் தெரியாது.

"லயத்துல இந்தத் தம்பிய பெத்துட்டுப் படுத்திருந்தாங்க. ஜன்னல் கதவு ஒண்ணு ஒடஞ்சு கெடந்துச்சு. ஆபீஸ்ல சொல்லி சொல்லிப் பாத்தோம், யாரும் வரல. காத்து பட்டு ஜன்னி கண்டு, அப்படியே போய்ட்டாங்க. நான்தான் இவன மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். நீ இப்ப வந்து ஜன்னல கழட்டுவியா?"

  ஜன்னி காற்றால் வருவதில்லை என்று ஆஸ்பத்திரிக்காரன் சொல்லலாம். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்தவரிடம் நான் எப்படிச் சொல்வது? அவர் அடம்பிடிக்கவில்லை. பயந்தார். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். வாடிக்கையாளர் கத்தும்போது இதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு அது வர ரொம்ப நாளாயிற்று.

அப்போது கெப்பாலா உள்ளே வந்தார். வெளியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அக்கா பிறந்ததும் பக்கத்துத் தோட்டம்தான். அந்த மாதிரி லயமும், அந்த மாதிரி ஜன்னலும் அவருக்குத் தெரியும்.

"அக்கா, கீழ்ப்பாதிய நான் பலகை வச்சு அடிச்சு மூடிர்றேன். சாயம் இல்லாத வெறும் பலகை. கட்டில் அதுக்குக் கீழ இருக்கட்டும். மேல ஒரு சாண் மட்டும் தொறந்து கெடக்கும். காத்து தலைக்கு மேலதான் போகும். ஆள் மேல படாது. படுத்துப் பாத்துட்டு சொல்லுங்க."

"கதவு?"

"ரெண்டு சேலைய கட்டுங்க. கதவு வெளிய வெயில்ல நல்லா காயட்டும். அப்புறம் மாட்டிக்கலாம்."

அக்கா உண்மையிலேயே அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தார். எழுந்து, "ஒரு சாண்தான். அதுக்கு மேல இருந்துச்சு, நானே வந்து அடைச்சிருவேன்" என்றார்.

இது யாருடைய யோசனை? என்னுடையது இல்லை. நான் கத்தத்தான் செய்தேன். வழி கண்டுபிடித்தவர் அவர். இதை அவர் உங்களுக்குச் சொல்லவே இல்லை.

கதவுகளைக் கழற்றிக் கொல்லையில் சாய்த்து வைத்தோம். ஈரமாக இருந்த ஒரு பக்கப் பலகையிலிருந்து எண்ணெய்ச் சாயத்தை எடுக்க வேண்டியிருந்தது. காலையில் தானே அடித்த சாயத்தைக் கெப்பாலா தின்னர் துணியால் துடைத்து எடுத்தார். தான் அடித்ததைத் தானே துடைப்பது எவ்வளவு கசப்பு என்று பிரஸ் பிடித்தவனுக்குத் தெரியும்.  நனைந்த துணிகள் ஒரு வாளியில் சேர்ந்துகொண்டே இருந்தன. தின்னர் டின் பக்கத்தில் மூடி இல்லாமல் நின்றது. நான் எதிர்ப்பக்கம் நாற்காலியின் மேல் நின்று தண்ணீர்ச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்ந்தது. அக்கா குளித்து, விளக்கேற்றி, பிள்ளை வரப்போகும் அறைக்குச் சாம்பிராணி காட்டுவதற்காகச் சட்டியை எடுத்துக்கொண்டு சேலைத் திரையை விலக்கி உள்ளே வந்தார். கரி கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. மூலை மூலையாகக் காட்டிக்கொண்டே வாளி இருந்த மூலையை நோக்கிப் போனார்.

நான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அந்த அறைக்குள் ஒருவன் சிகரெட்டோடு வந்திருந்தால் நானே அவனை அறைந்திருப்பேன். கெப்பாலாவும் சிகரெட்டுக்கு வெளியேதான் போனார். சாம்பிராணிச் சட்டியை நம்மில் எவனும் நெருப்பு என்று நினைப்பதில்லை. அதைச் சாமி காரியம் என்றே நினைத்து வளர்ந்துவிட்டோம். நெருப்பைக் கொண்டு வராதீர்கள் என்று அக்காவிடம் நாங்கள் சொல்லியிருந்தாலும், அவர் தீக்குச்சியைத்தான் நினைத்திருப்பார். நாங்கள் அதைக்கூடச் சொல்லவில்லை.

கெப்பாலாவுக்கு உறைத்தது. கைப்பிடி அக்காவின் கையில் இருந்ததால், அவர் சட்டியின் வயிற்றைப் பிடித்தார். இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துப் பிடுங்கிக்கொண்டு, திரையோடு மோதி, வெளியே ஓடினார். ஒரு கங்கு மட்டும் சிமெண்டுத் தரையில் விழுந்து வாளிப் பக்கம் உருண்டது. நான் குதித்து, தண்ணீர்ச் சாயப் பிரஸ்ஸால் அதை அமுக்கி அணைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்.

அவர் நடுவழியில் சட்டியைப் போடவில்லை. கூடத்தில் போட்டிருக்கலாம். அங்கே பாய் இருந்தது. கால்வாய் வரைக்கும் கொண்டுபோய்த்தான் விட்டார்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளை வரப்போகிற நேரத்தில் சாமிச் சட்டியைப் பிடுங்கி எறிகிறானே என்றுதான் தோன்றியிருக்கிறது. பின்னாலேயே வந்து அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"வெளங்குவியாடா நீ? இத கால்வாயிலயா போடுவ?"

"அடிங்கக்கா. தின்னரு திறந்து கெடக்கு உள்ள."

"அதுக்கு?"

"பத்திக்கிட்டா வீடு போயிரும்."

அவர் கைகளை விரித்தபடி நின்றார். அப்போதுதான் அக்கா வெந்துபோன உள்ளங்கைகளைப் பார்த்தார். உடனே அவரைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தக் கைகளைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். மறுபடி வேலைக்குப் போயிருந்த முனியாண்டி திரும்பி வந்து பார்த்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள். கெப்பாலாவை அதே ஆஸ்பத்திரிக்கு அவன்தான் ஏற்றிக்கொண்டு போனான்.

மிச்சப் பலகையை நான் தனியாக அடித்தேன். ஒரு சாண் இடைவெளி வழியாகக் காற்று வந்தது, வாடை போனது. தின்னர் வாடை போய்விட்டதா என்று என் மூக்கை நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அவள் சரி என்ற பிறகுதான் அக்காவிடம் சொன்னேன். பிள்ளை வந்தது. ஒரு கைக்குள் அடங்கும் அளவுதான். மூச்சு விடுவது கண்ணுக்குத் தெரிந்தது. அக்கா அன்றைக்குச் சாம்பிராணி போடவில்லை. புகை கூடாது என்று நர்ஸ் சொன்னதை முனியாண்டி கடைசியில் சொல்லிவிட்டான் போலிருக்கிறது.

எண்ணெய்ச் சாயம் அடித்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்று நான் சொல்லவே மாட்டேன். எனக்குத் தெரியாது. கெப்பாலாவுக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் பலகையைக் கெடுக்கலாம், மனுஷனைக் கெடுக்கக் கூடாது. பலகையைத் திரும்ப அடிக்கலாம்.

கறை ஏறியது உண்மை. கட்டில் பக்கம் முழுக்க மஞ்சளும் எண்ணெயும் ஏறி, பார்க்கச் சகிக்கவில்லை. பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் பலகையைத்தான் பார்த்தார்கள். எதிர்வீட்டில் ஒரு கல்யாணம் இருந்தது. அந்த வீட்டுச் சாய வேலை எங்களுக்கு வரவேண்டியது. வேறு ஆட்களுக்குப் போனது. கட்டுப் போட்ட கையோடு கெப்பாலா காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பார். கோப்பையைப் பிடிக்க முடியாது. நான் தட்டில் ஊற்றி வாயருகே கொண்டுபோவேன். கடையில் இருந்தவர்கள் கிண்டல் செய்வார்கள், "என்னண்ணே, மச்சான் சோறும் ஊட்டிவிடுவாரா?" என்று. அந்த நாட்களில் அவருக்கு வேலையும் இல்லை, பேரும் இல்லை. அந்தக் கசப்புதான் இத்தனை வருஷம் கழித்து உங்கள் வகுப்பில் வாய்வழியாக வந்திருக்கிறது. அது எனக்குப் புரிகிறது. அதற்காகப் பொய்யை விட்டுவிட முடியாது.

ஏனென்றால் நீங்கள் இளையவர்கள். நாளைக்கு ஒரு வீட்டுக்குள் போவீர்கள். மரமா, எண்ணெய்ச் சாயம் என்று அவர் சொன்னது காதில் ஒலிக்கும். உள்ளே யார் படுக்கிறார்கள், எப்போது வருகிறார்கள், கதவை மூடுவார்களா, அவர்கள் வழக்கப்படி அந்த அறைக்குள் எதைக் கொண்டு வருவார்கள் என்று கேட்கமாட்டீர்கள். இப்போது வரும் தண்ணீர்ச் சாயம் எங்கள் காலத்துச் சாயம் இல்லை, கழுவினாலும் தாங்குகிறது. ஆனால் டின்னில் எழுதியிருப்பது எதுவும் அந்தக் கேள்விகளை உங்களுக்காகக் கேட்காது. வீட்டில் சாமி கும்பிடுகிறவர்கள் என்றால் சட்டியைப் பற்றி நேராகவே கேளுங்கள். சீன வீடு என்றால் ஊதுவத்தியைப் பற்றிக் கேளுங்கள். நெருப்பு என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

அண்ணே, இனி உங்களிடம் பேசுகிறேன். இதைச் சங்கத்தில் வாசித்துக் காட்டுவார்கள், நீங்களும் இருப்பீர்கள். என்னைச் சோம்பேறி என்று சொன்னது போகட்டும். அந்த அறையில் உங்கள் பங்கை எதற்காக மறைத்தீர்கள்? தின்னர் டின்னைத் திறந்து வைத்தது வெட்கமா? நானும்தான் அங்கே நின்றேன், நானும் மூடவில்லை. பேருக்காகத்தான் வேலை என்று இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களே, பேருக்காக எவனாவது எரிகிற சட்டியை வெறுங்கையில் பிடித்துக் கால்வாய் வரைக்கும் ஓடுவானா?

அடுத்த கூட்டத்தில் அதே மேடையில் ஏறுங்கள். கால்சட்டைப் பையிலிருந்து கையை எடுங்கள். இரண்டு உள்ளங்கையையும் இவர்களுக்குக் காட்டி, இந்தத் தழும்பு எப்படி வந்தது என்று எல்லார் முன்னாலும் நீங்களே சொல்லுங்கள்.